டெர்ரி ஓடினார்... டக் வேன் ஓட்டினார்! - 143 நாள் நட்பின் கதை

அடையாறு சர்தார் படேல் சாலையில் தினமும் பஸ்ஸில் போய் வருபவர்களுக்கு இரண்டு வாசல்கள் நன்றாகப் பழக்கம். ஒன்று, மரங்கள் அடர்ந்த சென்னை ஐ.ஐ.டி. இன்னொன்று, கையில் ஃபைலும் ஸ்கேன் கவருமாக வெளியூர் ஆட்கள் வந்து இறங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இந்த ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ‘டெர்ரி ஃபாக்ஸ் ரன்’ பல முறை நடந்திருக்கிறது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டும் வரலாம். முதல் பரிசு யாருக்கும் கிடையாது.

டெர்ரி ஃபாக்ஸ் யார் என்று கேட்டால் பலருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்கே கடக்கக் கிளம்பிய இளைஞர். ஆனால், அவருக்கு முன்னால் ஒவ்வொரு மைலிலும் ஒரு வேனை நிறுத்திவிட்டு, தண்ணீரோடு காத்திருந்த நண்பரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அவர் பெயர் டக் ஆல்வர்ட். நல்ல காரியத்துக்காக நண்பரோடு சேர்ந்து நீண்ட தூரம் நடக்கலாம், ஓடலாம் என்று கிளம்புகிறவர்கள் டெர்ரியின் கதையோடு டக்கின் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், அதில் சண்டை உண்டு. நாள்கணக்கில் பேசாமல் இருந்ததும் உண்டு.

பள்ளிக்கூட சிநேகிதம்

டெர்ரி பிறந்தது 1958 ஜூலை 28-ல், கனடாவின் வினிபெக் நகரத்தில். வளர்ந்தது, நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் போர்ட் கோக்விட்லாம் என்ற ஊரில். எட்டாம் வகுப்பில் கூடைப்பந்து என்றால் உயிர். ஆனால், ஆள் குள்ளம், ஆட்டமும் சுமார். பயிற்சியாளரே, “உனக்கு இது சரிப்படாது, வேறு விளையாட்டைப் பார்” என்ற அர்த்தத்தில் சொல்லிப் பார்த்தார். டெர்ரி கேட்கவில்லை. அந்த சீசன் முழுக்க அவருக்கு மைதானத்தில் கிடைத்தது ஒரே ஒரு நிமிடம்தான்.

அதே பள்ளியில் படித்த டக், டெர்ரியைவிட நன்றாக ஆடுவார். நெடுந்தூர ஓட்டத்திலும் கெட்டிக்காரர். ரொம்பக் கூச்ச சுபாவம். இருவரும் சேர்ந்து பயிற்சி செய்து செய்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது பள்ளியின் சிறந்த விளையாட்டு வீரர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு நிமிடத்தில் ஆரம்பித்தவர் விருதில் பாதியை வாங்கியதற்கு யார் காரணம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு டெர்ரி கல்லூரிக்குப் போனார். வலது முழங்காலில் வலி வந்தது. சில மாதங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஓட்டினார். 1977 மார்ச்சில் பரிசோதித்தபோது எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. 18 வயதில், முழங்காலுக்கு மேலே வரை வலது காலை எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாள், அவருடைய பழைய கூடைப்பந்து பயிற்சியாளர் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒற்றைக் காலோடு நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் டிரௌம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது.

டெர்ரி உயிர் பிழைக்க 50 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்றார்கள் மருத்துவர்கள். இரண்டே வருடங்களுக்கு முன்னால் இதே நோய்க்கு 15 சதவீதம்தான் சொல்லியிருப்பார்களாம். இடைப்பட்ட காலத்தில் மருந்து முன்னேறியிருந்தது. யாரோ எங்கேயோ செய்த ஆராய்ச்சிதான் தனக்கு அந்த 35 சதவீதத்தைக் கொடுத்திருக்கிறது என்பது டெர்ரியின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. 16 மாதங்கள் கீமோதெரபி. அந்த வார்டில் பார்த்த மற்ற நோயாளிகளையும் அவரால் மறக்க முடியவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க நாட்டையே கடந்து ஓடுவது என்று முடிவெடுத்தார்.

முதலில், மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பதாகத்தான் வீட்டில் சொன்னார். உண்மையைச் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. எந்த அம்மாவுக்குத்தான் வராது?

தண்ணீர், சாப்பாடு, வேன்

1980 ஏப்ரல் 12. கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில், செயற்கைக் காலை அட்லான்டிக் கடலில் நனைத்துவிட்டு டெர்ரி கிளம்பினார். கடல் நீரை இரண்டு பாட்டில்களில் பிடித்துக்கொண்டார். ஒன்று நினைவுக்கு. இன்னொன்றை மேற்குக் கோடியில், பசிபிக் கடலில் ஊற்ற வேண்டும் என்பது திட்டம். பயணத்துக்கு வைத்த பெயர் ‘மாரத்தான் ஆஃப் ஹோப்’.

ஃபோர்டு நிறுவனம் ஒரு வேனைக் கொடுத்திருந்தது. அதை ஓட்டுவது, சமைப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் டக்கின் வேலை. ஒரு மைல் முன்னால் போய் வேனை நிறுத்துவார். டெர்ரி அங்கே வந்து சேரும்வரை காத்திருப்பார். வந்ததும் தண்ணீர். குடித்துவிட்டு டெர்ரி மறுபடியும் ஓட, வேன் அடுத்த மைலுக்கு நகரும். இப்படி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 26 தடவை. அதாவது, தினமும் ஒரு முழு மாரத்தான், சுமார் 42 கிலோமீட்டர்.

அந்தக் காலத்துச் செயற்கைக் கால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. நல்ல காலில் இரண்டு துள்ளல், செயற்கைக் காலில் ஒரு அடி என்று ஒரு விநோதமான தாளத்தில்தான் ஓட முடிந்தது. கால் பொருந்தும் இடத்தில் தோல் உரியும், ரத்தம் வரும், கட்டி வரும். ஆரம்ப நாள்களில் பனியும் பலத்த காற்றும் வேறு. இதையெல்லாம் நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்ப்பது எவ்வளவு பெரிய வேதனை! ஓடுபவருக்கு வலி. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, “போதும், நிறுத்து” என்று சொல்லலாமா கூடாதா என்ற தவிப்பு. டெர்ரியோ தன் வலியைப் பற்றி யாரும் பேசுவதையே விரும்பாதவர்.

சண்டை வராமல் இருக்குமா? ஒரு வேனுக்குள் இரண்டு இளைஞர்கள், தூக்கம் குறைவு, ஆளில்லாத நெடுஞ்சாலை. டெர்ரிக்கு முன்கோபம். டக்கோ எதையும் வெளியே சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிறவர். நோவா ஸ்கோஷியா மாகாணத்தை எட்டும்போது, இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பேச்சில்லை, ஆனாலும் வேன் அடுத்த மைலில் நின்றது, தண்ணீரும் வந்தது. இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்துப்போகிற இடம் இதுதான். ‘நண்பேன்டா’ என்று தோளில் கைபோட்டு செல்ஃபி எடுப்பதெல்லாம் சுலபம். முகத்தைத் திருப்பிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டுவதற்குப் பெரிய மனசு வேண்டும்.

டெர்ரியின் பெற்றோர் விமானம் ஏறி வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். டெர்ரியின் 17 வயது தம்பி டேரல் கூட வருவதென்று முடிவானது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் டேரல் வந்து சேர்ந்ததும் வேனுக்குள் சிரிப்புச் சத்தம் திரும்பியது. அண்ணனையும் அண்ணனின் நண்பனையும் ஒரே நேரத்தில் கிண்டலடிக்க ஒரு தம்பியால்தானே முடியும்.

தலைக்கு ஒரு டாலர்

பணம் முதலில் பெரிதாக வரவில்லை. சில ஊர்களில் இவர்கள் வருவதே தெரியவில்லை. நியூஃபவுண்ட்லாந்தில் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிறிய துறைமுக ஊர். மக்கள்தொகை 10,000. அந்த ஊர் மட்டும் 10,000 டாலரைச் சேர்த்துக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர்! பத்து லட்சம் டாலர் என்று ஆரம்பித்த டெர்ரியின் இலக்கு, கடைசியில் ‘கனடாவில் இருக்கும் 2.4 கோடிப் பேரும் தலைக்கு ஒரு டாலர்’ என்று மாறியதற்கு இந்த ஊரும் ஒரு காரணம்.

கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு தெரியாத இந்த மூவருக்கும் யாரோடும் பேச வழியில்லை. நன்கொடை மிகக் குறைவு. வண்டிகள் டெர்ரியைச் சாலை ஓரத்துக்குத் தள்ளின. ஒன்டாரியோ மாகாணத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழ். புற்றுநோய்க்குத் தன் மகனைப் பறிகொடுத்திருந்த ஹோட்டல் அதிபர் இசடோர் ஷார்ப், மைலுக்கு 2 டாலர் தருவதாகச் சொல்லி, மற்ற நிறுவனங்களையும் அதேபோல் தரச் சொன்னார். டொரன்டோவில் ஜூலை 11-ம் தேதி 10,000 பேர் திரண்டார்கள். அன்று ஒரே நாளில் 1 லட்சம் டாலர் சேர்ந்தது.

பிறகு, 1980 செப்டம்பர் 1. தண்டர் பே நகரத்துக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தபோது விடாத இருமல் வந்தது, நெஞ்சு வலித்தது. சாலையின் இரு பக்கமும் மக்கள் நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நிற்க டெர்ரிக்கு மனம் வரவில்லை. கூட்டம் முடிந்து, சாலையில் ஆளே இல்லாத இடம் வரும்வரை ஓடினார். அதற்குப் பிறகு வேனில் ஏறி உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். டக் வேனை எடுத்தார்.

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள்கள், 5,373 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு ஏழு தடவைக்கும் மேல் வந்ததற்குச் சமம். டெர்ரியின் பயணம் பசிபிக் கடலைத் தொடவில்லை. ஆனால், மக்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அவர் ஓட்டத்தை நிறுத்தும்போது சேர்ந்திருந்தது சுமார் 17 லட்சம் டாலர். ஒரு வாரத்துக்குப் பிறகு நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1 கோடியே 5 லட்சம் டாலர் சேர்ந்தது. 1981 பிப்ரவரியில் மொத்த நிதி 2 கோடியே 41 லட்சம் டாலரைத் தாண்டியது. தலைக்கு ஒரு டாலர், கணக்கு நேர்!

1981 ஜூன் 28-ல், 23 வயதாக ஒரு மாதம் இருக்கையில், டெர்ரி இறந்தார். அவர் பெயரில் ஆண்டுதோறும் ஓட்டம் நடத்தலாம் என்ற யோசனையை ஷார்ப் முன்னரே சொல்லியிருந்தார். அதற்கு டெர்ரி விதித்த நிபந்தனை, அது போட்டியாக இருக்கக் கூடாது என்பதுதான். அந்த செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்திலேயே 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு நிமிடம் மட்டும் ஆட விடப்பட்ட பையன் ‘இதில் ஜெயிப்பவர், தோற்பவர் வேண்டாம்’ என்று சொன்னதில் ஆச்சர்யம் என்ன இருக்கிறது?

மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு...

மறுபடியும் சர்தார் படேல் சாலைக்கு வருவோம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் பொதுமக்கள் கொடுத்த காசில் எழுந்ததுதான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே, இந்த நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். ‘எப்படியும் சாகப்போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு?’ என்று நினைத்தவர்கள் அதிகாரத்தில் இருந்த காலம் அது. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறக்கப்பட்டது.

அங்கே ஆரம்பத்தில் இருந்த மருத்துவர்கள் இரண்டே பேர். ஒருவர் முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தி. இன்னொருவர் மயிலாப்பூரில் பிறந்து, அங்கேயே பி.எஸ்.சிவசாமி பள்ளியில் படித்த டாக்டர் வி.சாந்தா. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கட்டடம் மட்டுமே இருந்த இடத்துக்கு வந்தவர். வீட்டில், வெளியில் எல்லோருக்கும் அதிர்ச்சி. முதலில் சம்பளமே வாங்காமல் வேலை செய்தார். பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க இடமும் கொடுத்தார்கள். 1955 ஏப்ரலில் அங்கே குடியேறியவர், 2021 ஜனவரி 19-ல் 93 வயதில் மறையும்வரை அந்த மருத்துவமனையைவிட்டுப் போகவில்லை. மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோவில் அரை மணி நேரம்தான். சாந்தாவுக்கு அது வாழ்நாள் பயணம். 2005-ல் மகசேசே விருது வாங்கியபோதும், 2016-ல் பத்ம விபூஷண் வந்தபோதும், இது ஒரு குழுவின் வேலை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கிருஷ்ணமூர்த்தியின் பெயரில் இன்று ஒரு வளாகமே இருக்கிறது. ஆனாலும், ‘சாந்தா டாக்டர் ஆஸ்பத்திரி’ என்று சொன்னால்தான் பல நோயாளிகளுக்குப் புரியும்.

நான்கு பேரும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு

தனியாக முடித்தால் செல்லாது என்று விதியே வைத்திருக்கும் நடைப்பயணமும் உண்டு. 1981-ல், ஹாங்காங்கில் இருந்த கூர்க்கா படைவீரர்கள் பயிற்சிக்காக ஆரம்பித்த ‘டிரெயில்வாக்கர்’ அது. 100 கிலோமீட்டர் மலைப்பாதை, 48 மணி நேரம், நான்கு பேர் கொண்ட அணி. 1986-ல் ஆக்ஸ்ஃபாம் அமைப்பும் சேர்ந்துகொள்ள, பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது. பின்னர் பல நாடுகளுக்குப் பரவி, நம் நாட்டில் பெங்களூரு பக்கமும் மும்பை பக்கமும் நடந்திருக்கிறது. நால்வரும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒருவருக்குக் கொப்புளம் வந்தால் நான்கு பேரின் வேகமும் குறையும். வேகமாக நடக்கத் தெரிந்தவருக்குத்தான் இதில் சோதனை அதிகம்.

சென்னையில், நண்பரோடு இப்படி ஒரு நடையை யோசிப்பவர்களுக்கும் அதுதான் முதல் விஷயம். தினமும் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ, தி.நகர் நடேசன் பூங்காவிலோ ஒன்றாக நாலு ரவுண்டு வருகிறவர்கள் 20 கிலோமீட்டரும் ஒன்றாக நடந்துவிடலாம் என்று நினைப்பார்கள். நாலு ரவுண்டில் பேச்சு சுவாரஸ்யமாக இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் பேச விஷயமும் தீரும், பொறுமையும் தீரும். எனவே, முன்கூட்டியே ஒரு முழு நீள ஒத்திகை போய்ப் பார்த்துவிடுவது உத்தமம். மெதுவாக நடப்பவரின் வேகம்தான் இருவருக்கும் வேகம் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. “நிறுத்தலாம்” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் வாதாடக் கூடாது. நெஞ்சில் வலி, தலைச்சுற்றல், குழப்பமான பேச்சு என்று எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள் திட்டம் போடும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிதான் சென்னைக்கு ஏற்ற மாதங்கள். அப்போதும் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். கபாலீஸ்வரர் கோயில் மாட வீதியில் ஆரம்பித்து, சாந்தோம் வழியாக, திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைத் தாண்டி, பெசன்ட் நகர் கடற்கரை வரை போவது பழக நல்ல பாதை. வழியில் டீக்கடைக்கும் பஞ்சமில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் போய்விடும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல், உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ்ஸோ வைத்துக்கொள்ளுங்கள். புது ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, அழகாக இருந்ததே என்று பிறகு புலம்பிப் பயனில்லை. ஏற்கெனவே காலுக்குப் பழகிய ஷூ, மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி சாக்ஸ், நகம் வெட்டிய கால்... இவை போதும்.

நிதி கேட்கும்போது போர்ட் ஓ பாஸ்க் ஊரை நினைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய மனிதரிடம் ஒரு லட்சம் கேட்டு அலைவதைவிட, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு நூறு ரூபாய் கேட்பது எளிது. பணம் உங்கள் கணக்குக்கு வரவே வேண்டாம். கொடுப்பவர்கள் நேரடியாக மருத்துவமனைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ அனுப்பட்டும். 80ஜி சலுகை உண்டா என்று பார்த்து, ரசீதை அவரவர் பெயரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் தெளிவு இல்லையென்றால், பாதி வழியில் வருகிற சண்டையைவிட முடித்த பிறகு வருகிற சண்டை பெரிதாக இருக்கும்.

பெசன்ட் நகர் போய்ச் சேர்ந்ததும் பலரும் செய்யும் தவறு, முந்தைய நாளே அங்கே கொண்டுவந்து நிறுத்திய பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவது. நான்கைந்து மணி நேரம் நடந்த காலுக்கு பிரேக்கும் கியரும் சட்டென்று கட்டுப்படாது. இரண்டு பேரும் நடந்திருந்தால், திரும்பி வர வண்டி ஓட்ட மூன்றாவதாக ஒருவரைச் சொல்லி வைத்துவிடுங்கள். வீட்டில் ஒரு டேரல் இருந்தால் வசதி.